திருடத் தெரியாத திருடர்கள்: மோனிச்செல்லியின் 1958ஆம் ஆண்டுப் படம்

குற்றமும் நகைச்சுவையும் கலந்த, மனத்தைக் கனக்கச் செய்யாத படம் ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டும் என்றும், திருட்டைத் திரையில் பார்க்கும்போது நமக்குக் கோபம் வராமல் சிரிப்பு வருவது எப்படி என்று அந்தப் படத்தை வைத்தே விளக்க வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பட்டியல் போட்டால் பத்துப் பதினைந்து பெயர்களை எழுதிவிடலாம். ஆனால் இரண்டாவது கேள்விக்கு நேராக விடை தரும் படம் என்று எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். மாரியோ மோனிச்செல்லி இயக்கி 1958இல் வெளிவந்த ‘இ சோலிதி இக்னோதி’ என்னும் இத்தாலியப் படம் அது. திருட்டுச் செய்திகளில் அடிபடும் ‘வழக்கமான அடையாளம் தெரியாத நபர்கள்’ என்பது அந்தத் தலைப்பின் பொருள். ஆங்கிலம் பேசும் நாடுகளில் ‘பிக் டீல் ஆன் மடோன்னா ஸ்ட்ரீட்’ என்ற பெயரில் அறியப்படுகிறது. கதையை முடிவுவரை சொல்லாமல் இதை விளக்க முடியாது. ஆயினும் இவர்கள் திருட்டில் தோற்கப் போகிறார்கள் என்பது முதல் காட்சியிலேயே தெரிந்துவிடுவதால், கதை முன்கூட்டித் தெரிவதால் கெடக்கூடிய சுவை இதில் மிகக் குறைவு.

கொள்ளைப் படங்களுக்கு ஒரு நிலைத்த அமைப்பு உண்டு. திட்டம் தீட்டும் ஒருவர், ஆள் சேர்த்தல், ஒத்திகை, கொள்ளை நடக்கும் இரவு, அதற்குப் பின் வரும் சரிவு என்று அது போகும். இந்த அமைப்புக்கு 1950களில் முத்திரை வைத்த படம், அமெரிக்காவில் இடதுசாரி என்று ஒதுக்கப்பட்டு ஐரோப்பாவுக்கு வந்த ஜூல்ஸ் டாசின் 1955இல் பிரான்சில் எடுத்த ‘ரிஃபிஃபி’. அதில் கொள்ளைக் காட்சி அரை மணி நேரத்துக்குப் பக்கமாக வசனமும் இல்லாமல் பின்னணி இசையும் இல்லாமல் நடக்கும்; திருடர்கள் அறுவை மருத்துவர்களைப் போலப் பதற்றமின்றி வேலை செய்வார்கள். மோனிச்செல்லியும் அவருடன் எழுதிய ஆஜே, ஸ்கார்ப்பெல்லி, சூசோ செக்கி தமீக்கோ ஆகியோரும் அந்த அமைப்பில் ஒரு படியைக்கூட விட்டுவிடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு, அதை நிறைவேற்றுகிறவர்களை மட்டும் மாற்றினார்கள். திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம்; கருவிகள் உண்மையான கருவிகள்; கையில் எடுத்தவர்களுக்குத்தான் அந்தத் தொழில் வராது. கேலிப் படங்கள் பெரும்பாலும் தாம் கேலி செய்கிற வகையைக் கோணங்கித்தனமாக ஆக்கிவிடும். இவர்களோ அந்த வகைக்கு முழு மரியாதை கொடுத்தார்கள். அதனால்தான், ‘ரிஃபிஃபி’யைப் பார்த்தேயிராத ஒருவருக்கும் இந்தப் படம் குறைவின்றிச் சிரிப்பூட்டுகிறது.

சூசோ செக்கி தமீக்கோ, பத்தாண்டுகளுக்கு முன் விட்டோரியோ தெ சீக்காவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ படத்தின் திரைக்கதையில் பங்குபெற்றவர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்வது பயன் தரும். அதே ரோம் நகரம், அதே வேலையின்மை, அதே புறநகர்ப் பொட்டல்வெளிகள் இந்தப் படத்திலும் உண்டு. அங்கே வேலை தேடுகிறவன் கடைசியில் திருடுகிறான். இங்கே திருடப் போகிறவன் கடைசியில் வேலையில் மாட்டிக்கொள்கிறான். நான் இந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல விரும்புவதும் இதைச் சுற்றியதுதான். மோனிச்செல்லியின் பார்வையில் திருட்டு என்பது வேலை கிடைக்காதவர்கள் தேடிக்கொண்ட ஒரு வேலை. அதற்கும் முதலீடு வேண்டும், பயிற்சி வேண்டும், கருவிகளுக்கு வாடகை கொடுக்க வேண்டும், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். இவை எதுவும் இல்லாததால்தான் அவர்கள் ஏழைகளாக இருக்கிறார்கள்; இவை எதுவும் இல்லாததால்தான் திருட்டிலும் தேறாமல் போகிறார்கள். சிரிப்பு முழுவதும் இந்த இரண்டாவது விஷயத்திலிருந்து வருகிறது, முதலாவது விஷயம் ஒரு காட்சியில்கூடக் கேலிக்குள்ளாவதில்லை.

கதையின் தொடக்கம் ஒரு கார் திருட்டு. கோசிமோ என்னும் சில்லறைத் திருடன் இரவில் ஒரு காரைக் கிளப்ப முயல, அதன் ஒலிப்பான் அலறத் தொடங்கி நிற்க மறுக்கிறது, மாட்டிக்கொள்கிறான். சிறையில் ஒரு வயதான கொத்தனார் அவனுக்கு ஓர் அடகுக்கடையின் ரகசியத்தைச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்கும் அந்தக் கடைக்கும் இடையே இருப்பது மெல்லிய சுவர். அதை உடைத்தால் நேராகப் பெட்டகம். கோசிமோவுக்கு இப்போது உடனே வெளியே வர வேண்டும். அதற்காக, ‘குற்றத்தைச் செய்தவன் நான்தான்’ என்று ஒப்புக்கொண்டு உள்ளே போகக்கூடிய, முன்குற்றம் எதுவும் இல்லாத ஓர் ஆளை விலைக்குத் தேடச் சொல்கிறான். படத்தின் உலகில் அப்படிப்பட்ட ஆளுக்கு ‘ஆடு’ என்று பெயர்.

படத்தின் முதல் பகுதி முழுவதும் இந்த ஆட்டைத் தேடும் படலம்தான். கப்பனெல்லே என்னும், பசி அடங்காத கிழவர் ஒருவர் நகரெங்கும் அலைந்து ஒவ்வொருவராகக் கேட்கிறார். ஒவ்வொருவரும் தனக்குப் போக முடியாது, ஆனால் போகக்கூடிய இன்னொருவரைத் தெரியும் என்று சொல்லித் தேடலில் சேர்ந்துகொள்ள, கூட்டம் தானாகவே உருவாகிவிடுகிறது. ஆள் சேர்க்கும் காட்சி என்றால் மற்ற கொள்ளைப் படங்களில் ஒவ்வொருவரின் திறமையும் நமக்கு அறிமுகமாகும். இங்கே ஒவ்வொருவரும் சிறைக்குப் போக முடியாததற்கான காரணம் அறிமுகமாகிறது. மாரியோ என்னும் இளைஞனுக்கு ஏற்கெனவே வழக்குகள் இருக்கின்றன. தெபேரியோ ஒரு புகைப்படக்காரர். கையில் இருந்த கேமராவை விற்றுவிட்டார். கடத்தல் சிகரெட் விற்ற குற்றத்துக்காக மனைவி சிறையில் இருக்க, கைக்குழந்தையை இவர் வளர்க்கிறார். இத்தாலியில் அப்போது புகையிலை விற்பனை அரசின் தனியுரிமை என்பதால், தெருவோரம் கடத்தல் சிகரெட் விற்பது ஏழைகள் பலரும் துணிந்து செய்த சிறு தொழில். அதற்காகத் தண்டனை அனுபவிக்கும் மனைவியைக் கணவனும் குழந்தையும் போய்ப் பார்க்கும் காட்சிகளில், பரிதாபத்தைத் தூண்டும் ஒரு சொல்கூட இல்லை. ஃபெர்ரிபோத்தே என்னும் சிசிலிக்காரருக்கோ, திருமணம் ஆகும்வரை தங்கை கார்மெலினாவைப் பூட்டிய வீட்டுக்குள் காவல் காப்பதே முழுநேரப் பொறுப்பு.

கடைசியில் கிடைக்கிற ஆடு பெப்பே. ‘சிறுத்தை’ என்று பட்டம் போட்டுக்கொண்ட குத்துச்சண்டைக்காரன். களத்தில் நின்று பிடிக்கத் தெரியாதவன். வாயில் மட்டும் உலக வெற்றியாளன். அவன் பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்ள, அதிகாரிகள் அதை நம்பாமல் இருவரையும் உள்ளே வைக்கிறார்கள். சிறை முற்றத்தில் பெப்பே தனக்கு மூன்றாண்டுத் தண்டனை என்று சோகமாகச் சொல்கிறான்; இரக்கப்பட்ட கோசிமோ, நீண்ட காலம் உள்ளே இருக்கப் போகிறவன்தானே என்று நம்பித் திட்டம் முழுவதையும் விவரிக்கிறான்; எல்லாவற்றையும் கேட்டு முடித்த பிறகுதான் பெப்பே, தண்டனை நிறுத்திவைக்கப்பட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வெளியே நடக்கிறான். ஏமாற்றுகிறவன், ஏமாறுகிறவன் என்னும் இரண்டு பாத்திரங்களும் படத்தில் இதற்குப் பிறகு நிலையாக இருப்பதில்லை. பெப்பே மற்றவர்களை ஏமாற்றுவதில் வெற்றி பெறும் கடைசித் தருணமும் அநேகமாக இதுதான்.

இந்தப் பெப்பேயாக நடித்தவர் விட்டோரியோ காஸ்மன். அன்றைய இத்தாலியில் அவர் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் கம்பீரமாக முழங்கும் மேடை நடிகர். திரையிலோ, 1949இல் வந்த ‘பிட்டர் ரைஸ்’ போன்ற படங்களில் அழகான வில்லன். அவரை நகைச்சுவைக்குக் கொண்டுவருவதைத் தயாரிப்புத் தரப்பு விரும்பவில்லை. மோனிச்செல்லி அவருடைய முகத்தையே மாற்றினார்: நெற்றி குறுகித் தெரியும்படி தலைமுடி கீழே இறக்கப்பட்டது, செயற்கை மூக்கு ஒட்டப்பட்டது, பேச்சில் திக்கல் சேர்க்கப்பட்டது. அந்தத் திக்கலை வெறும் உடற்குறையாகக் காட்டிச் சிரிக்க வைத்திருந்தால் இன்று பார்க்கச் சகிக்காது. காஸ்மன் அதைத் தன்னம்பிக்கைக்கும் நாக்குக்கும் இடையே நடக்கும் சண்டையாக நடித்திருக்கிறார்; பெப்பே பெரிய வார்த்தைகளை நோக்கிப் பாயும்போதுதான் தடுக்கி விழுகிறான். இந்த ஒரு படத்துக்குப் பிறகு காஸ்மன் இத்தாலிய நகைச்சுவையின் பெருந்தூண்களில் ஒருவரானார்.

மற்ற நடிகர் தேர்வும் இதேபோல் விசித்திரமானது. தெபேரியோவாக வருகிற மார்செல்லோ மாஸ்ட்ரோயானி, ‘லா தோல்ச்சே வீத்தா’ படத்தின் மூலம் உலகம் முழுவதும் அறியப்படுவதற்கு இன்னும் இரண்டாண்டுகள் இருந்தன. கார்மெலினாவாக நடித்த கிளாடியா கார்டினாலே, துனிஸ் நகரில் பிறந்து வளர்ந்தவர். இத்தாலிய மொழி சரளமாக வராத காலம் என்பதால் அவருக்கு வேறொருவர் குரல் கொடுத்தார். ஃபெர்ரிபோத்தேயாக நடித்த தீபேரியோ மூர்ஜா ரோமில் ஓர் உணவகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். அவர் சிசிலிக்காரரே அல்லர், சார்தீனியத் தீவைச் சேர்ந்தவர். கப்பனெல்லேயாக நடித்த கார்லோ பிசக்கானே நேப்பிள்ஸ்காரர். படத்தில் அவர் பேசுவது பொலோஞ்ஞா நகரத்துப் பேச்சு வழக்கு, அதுவும் இரவல் குரலில். துணைத்தலைப்பில் படிக்கிறவர்களுக்கு இழப்பாகிப் போகும் பெரும்பகுதி இந்தப் பேச்சு வழக்குகள்தான். சென்னைத் தமிழ், நெல்லைத் தமிழ், கொங்குத் தமிழ் ஆகியவற்றைப் பேசுகிற நால்வர் ஓர் இருட்டு அறையில் ஒருவர் சொன்னதை மற்றவர் பாதி புரிந்துகொண்டு கடப்பாரை பிடிப்பதாக எண்ணிப் பாருங்கள். ரோம் அரங்குகளில் மக்கள் சிரித்த சிரிப்பு ஓரளவு விளங்கும். பிழைப்புத் தேடி நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் ரோமுக்கு வந்து சேர்ந்தவர்கள் இவர்கள் என்னும் சமூகச் செய்தியும் அந்த வழக்குகளில்தான் இருக்கிறது. தனியாக எங்கும் சொல்லப்படுவதில்லை.

திருடப் போகிற இடம் வங்கியாகவோ நகைக்கடையாகவோ இல்லாமல் அடகுக்கடையாக இருப்பதைப் பற்றி அதிகம் பேர் எழுதக் காணோம். இத்தாலியில் ‘மோந்தே தி பியேத்தா’ என்று அழைக்கப்படுவது, 15ஆம் நூற்றாண்டில் பிரான்சிஸ்கன் துறவிகள் ஏழைகளைக் கடும் வட்டியிலிருந்து காப்பதற்காகத் தொடங்கிய அறநிறுவனத்தின் வழிவந்த அடகு நிலையம். அங்கே இருக்கும் பொருள்கள் எல்லாம் கைமுட்டானவர்கள் கொண்டுவந்து வைத்தவை. ஆகவே, நம் கதாநாயகர்கள் துளையிடத் துடிப்பது தங்களைப் போன்றவர்களின் பெட்டியைத்தான். மோனிச்செல்லி இதைச் சுட்டிக்காட்டிப் பேசவில்லை; சுட்டிக்காட்டியிருந்தால் படம் பிரசங்கமாகியிருக்கும். ஆனால் அமைப்பில் இது இருப்பதால், ‘பணக்காரனிடம் திருடுவது குற்றமா’ என்னும் மலிவான நியாயத்தைப் படம் நம்மிடம் விற்பதில்லை. இவர்களை நாம் விரும்புவது இவர்கள் செய்வது சரி என்பதால் அன்று.

ஒத்திகைப் பகுதிதான் படத்தின் மிகச் செழிப்பான இடம். பெட்டகத்தின் எண்களைத் தெரிந்துகொள்ள, அடகுக்கடைக்காரர் அதைத் திறக்கும்போது தூரத்திலிருந்து படம்பிடிப்பது என்று முடிவாகிறது. அதற்குக் கேமரா வேண்டும். தெபேரியோ கையில் பொய்க் கட்டுப் போட்டுக்கொண்டு, போர்த்தா போர்த்தேசே பழம்பொருள் சந்தையில் ஒரு கேமராவைத் திருடிக் கட்டுக்குள் மறைத்துக் கொண்டுவருகிறார். படமும் எடுக்கப்படுகிறது. ஒரு துணியில் அதை ஓட்டிப் பார்க்கும்போது, தேவையான கணத்தில் யாரோ காயப்போட்ட துணிகள் குறுக்கே வந்து எண்களை மறைத்துவிடுகின்றன. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெட்டக நிபுணர் தாந்தே, திருட்டுக்கு உதவாத அந்தச் சுருள் சினிமாவாகவும் தேறாது என்கிற தோரணையில் முகம் சுளிக்கிறார். திருட்டைப் படமாக எடுக்கும் ஒருவர், படமெடுக்கத் தெரியாத திருடர்களைக் காட்டித் தன் தொழிலையே லேசாகக் கிள்ளிக்கொள்கிற இந்தக் காட்சியை நான் எத்தனை முறை பார்த்தாலும் புதிதாகவே இருக்கிறது.

தாந்தேயாக வருபவர் டோட்டோ. இத்தாலி மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கொண்டாடிய நேப்பிள்ஸ் நகைச்சுவை மேதை. மோனிச்செல்லிக்கு அவர் புதியவர் அல்லர். ஸ்டேனோ என்னும் இயக்குநருடன் சேர்ந்து 1951இல் இயக்கிய ‘குவார்தியே எ லாத்ரி’ என்னும் போலீஸ்–திருடன் படத்தில் டோட்டோவே திருடன். இந்தப் படத்தில் அவருக்குக் காட்சிகள் குறைவு. ஆனால் மொட்டை மாடியில் பெட்டகம் உடைக்கும் கலையைப் பாடமாக நடத்தும் காட்சி ஒன்று போதும். நீதிமன்றக் கண்காணிப்பில் இருப்பதால் கொள்ளைக்குத் தன்னால் வர இயலாது என்று கண்ணியமாக மறுத்துவிட்டு, ஓய்வுபெற்ற பேராசிரியரைப் போன்ற தெளிவுடன் ஒவ்வொரு முறையையும் அதன் நன்மை தீமைகளுடன் விளக்குகிறார். கருவிகளை வாடகைக்கும் விடுகிறார். காவலர் ஒருவர் எட்டிப் பார்க்க வரும்போது அந்த வகுப்பறை நொடியில் சாதாரண மொட்டை மாடியாகிவிடுகிறது. பழைய தலைமுறைக்குத் திருட்டு ஒரு கைத்தொழிலாக இருந்தது, அதற்கு மரபும் இலக்கணமும் இருந்தன, இப்போது வருகிறவர்களுக்கு அவை பிடிபடவில்லை என்கிற வருத்தம் அந்த முகத்தில் தெரியும். 1957இல் ஏற்பட்ட கண்நோயால் டோட்டோ பார்வையைப் பெரும்பாலும் இழந்திருந்தார் என்பதை அறிந்துகொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால், அந்தக் கைகளின் துல்லியம் வியப்பைத் தரும்.

இதற்கிடையே, காலியாக இருக்கும் என்று நம்பிய பக்கத்து வீட்டில் வயதான இரண்டு பெண்கள் குடியிருப்பது தெரியவருகிறது. அவர்களுடைய வேலைக்காரப் பெண் நிக்கோலெத்தாவைக் காதலிப்பதுபோல் நடிக்கப் போன பெப்பே உண்மையிலேயே அவள்மீது அன்பு கொள்கிறான். காவல் காக்கப்படும் கார்மெலினாவை மாரியோ நெருங்குகிறான். அந்தக் காதலே அவனைத் திட்டத்திலிருந்து விலக்கி ஒழுங்கான வேலையை நோக்கித் திருப்புகிறது. இந்தக் காதல் பகுதிகள் படத்தின் பலவீனமான பகுதிகள் என்றுதான் சொல்வேன். கார்மெலினாவுக்குப் பூட்டிய கதவுக்குப் பின்னால் நிற்பதைத் தவிர அதிக வேலை இல்லை. சிசிலிக்காரர் என்றால் தங்கையைப் பூட்டிவைப்பவர் என்னும் நகைச்சுவை அன்றே பழையது. பெண்களில் தனக்கென ஒரு மனம் உள்ளவளாகத் தெரிகிறவள், சிறைக்கம்பிகளுக்குப் பின்னால் சில நிமிடங்கள் மட்டும் வரும் தெபேரியோவின் மனைவிதான்.

இனி, இந்தப் படத்தை ‘இலகுவான படம்’ என்று சொல்லலாமா என்னும் கேள்வியை எழுப்பக்கூடிய காட்சிக்கு வருகிறேன். பொது மன்னிப்பில் வெளியே வரும் கோசிமோ, தன் திட்டத்தைத் திருடியவர்களோடு சேர மறுத்து, அந்த அடகுக்கடையைத் தனியாகக் கொள்ளையடிக்கத் துப்பாக்கியுடன் போகிறான். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து துப்பாக்கியைப் பார்த்த ஊழியர், அடகு வைக்கக் கொண்டுவந்த பொருளாக அதை எடுத்துக்கொண்டு விலை மதிப்பிடத் தொடங்குகிறார். மிரட்ட வந்தவன் வாயடைத்து வெளியேறுகிறான். அரங்கமே குலுங்கிச் சிரித்து ஓய்வதற்குள், அவன் தெருவில் ஒரு கைப்பையைப் பறித்துக்கொண்டு ஓட முயன்று டிராம் வண்டியில் அடிபட்டு இறந்துவிடுகிறான். இறுதி ஊர்வலத்தில் கூட்டாளிகள் நடக்கிறார்கள். அதன்பின் கதை மீண்டும் பழைய துள்ளலுடன் தொடர்கிறது.

நகைச்சுவைப் படத்தின் நடுவில் இப்படி ஒரு மரணத்தை வைக்கலாமா என்று அன்றைக்கே கேட்டிருப்பார்கள். எனக்கு இது படத்தின் முதுகெலும்பாகத் தெரிகிறது. இந்த மரணம் இல்லாவிட்டால் மற்றவர்களின் தடுமாற்றங்கள் வெறும் கோமாளித்தனமாக நின்றுவிடும்; இது இருப்பதால், அவர்கள் பிடிபடாமல் தப்பிக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குள் ஒரு சிறு நிம்மதி எழுகிறது, அந்த நிம்மதியே சிரிப்பாகிறது. மோனிச்செல்லி மரணத்தைக் காட்டிவிட்டு இசையால் அழவைக்கவும் முயலவில்லை, கேலியால் மழுப்பவும் முயலவில்லை. பின்னாளில் ‘இத்தாலிய பாணி நகைச்சுவை’ என்று பெயர் பெற்ற வகை, வறுமை, பசி, நோய், மரணம் ஆகியவற்றைத் தன் இயல்பான கருப்பொருளாகக் கொண்டது. அந்த வகையின் தொடக்கப் படமாகத் திரை வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் காட்டுவது இந்தப் படத்தைத்தான்.

கொள்ளை நடக்கும் இரவை நான் வரி வரியாக விவரிக்கப் போவதில்லை. நிலக்கரிக் கிடங்கு வழியாக நுழைந்து, கண்ணாடிக் கூரைமீது ஊர்ந்து, கீழே ஓர் அறையில் விளக்கெரிய மேலே மூச்சையடக்கிக் கிடந்து, ஒருவழியாக வீட்டுக்குள் சேர்கிறார்கள். தெபேரியோவின் கையில் இப்போது இருப்பது உண்மையான கட்டு; கேமராவைப் பறிகொடுத்தவர்கள் அவரைக் கண்டுபிடித்துக் கையை ஒடித்துவிட்டார்கள். சாப்பாட்டு அறைச் சுவரை உடைக்கிறார்கள்; குழாய் உடைந்து தண்ணீர் பீறிடுகிறது. விடாமல் துளைத்து, கடைசிச் செங்கல்லும் விழுந்த பிறகு மறுபக்கத்தில் தெரிவது அதே வீட்டின் சமையலறை. வீட்டுக்காரிகள் சாமான்களை இடம் மாற்றி வைத்திருந்ததால் வேறு சுவரை உடைத்துவிட்டார்கள். விடிய அதிக நேரமில்லை. சரியான சுவரை உடைக்க முடியாது.

அப்போது அவர்கள் செய்வதுதான் இந்தப் படத்தை மறக்க முடியாததாக்குகிறது. அடுப்படியில் கொண்டைக்கடலை போட்டுச் சமைத்த பாஸ்தா இருக்கிறது. உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஒருவர் மீதும் ஒருவர் பாயவில்லை, பழி போடவில்லை. உணவின் சுவையைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் சாவகாசமாகப் பேச்சு ஓடுகிறது. ரோமில் ஏழை வீடுகளின் அன்றாடச் சாப்பாடு அது. இத்தாலோ கால்வினோ எழுதிய, இனிப்புக் கடையில் புகுந்த திருடர்கள் கல்லாவை மறந்து பலகாரங்களில் மூழ்கிப்போகும் சிறுகதையின் சாயலை இங்கே காண்பவர்கள் உண்டு. ஆனால் கால்வினோவின் திருடர்களிடம் இருப்பது வெறி, இவர்களிடம் இருப்பது ஒரு நாள் வேலை முடிந்த களைப்பு. படம் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு அடுப்பு எரிவாயு கசிந்து வெடிக்க, அந்த அமைதியும் முடிந்துபோகிறது.

அன்றைய கொள்ளைப் படங்கள் பெரும்பாலானவற்றில் திருடர்களுக்குத் தண்டனை உண்டு. அமெரிக்காவில் தணிக்கை விதிகளே அதைக் கட்டாயமாக்கியிருந்தன. ‘ரிஃபிஃபி’யில் இரத்தம் ஓடும், 1955இல் இங்கிலாந்தில் ஈலிங் நிறுவனம் எடுத்த ‘தி லேடிகில்லர்ஸ்’ என்னும் அருமையான நகைச்சுவைப் படத்தில்கூட, அப்பாவிக் கிழவியின் வீட்டில் தங்கிய கொள்ளையர் ஐவரும் ஒருவர் பின் ஒருவராகச் சாவார்கள். மோனிச்செல்லியின் முடிவு இந்த விதியை வேறு வழியில் நிறைவேற்றுகிறது. விடியற்காலையில் கூட்டாளிகள் ஒவ்வொருவராகப் பிரிந்து போக, பெப்பேயும் கப்பனெல்லேயும் மட்டும் எஞ்சுகிறார்கள். காவலர்கள் எதிர்ப்படவே, கட்டட வேலைக்கு ஆள் எடுக்கும் வாசலில் நெருக்கியடிக்கும் கூட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளப் புகுகிறார்கள். கிழவரைக் கூட்டம் வெளியே தள்ளிவிடுகிறது. பெப்பே உள்ளே அடித்துச் செல்லப்படுகிறான். அங்கே உன்னை வேலை செய்ய வைத்துவிடுவார்களே என்று கப்பனெல்லே கம்பிக்கு வெளியிலிருந்து பதறுகிறார். நாட்டில் பொருளாதார ஏற்றம் தொடங்கிக்கொண்டிருந்த ஆண்டு அது. புதிய இத்தாலியைக் கட்டப் போகிற உழைப்பாளர் படையில் பெப்பே சேர்க்கப்பட்ட விதம் இப்படி. கடைசியாக, சுவரில் துளையிட்டுப் பாஸ்தா தின்றுவிட்டுப் போன அடையாளம் தெரியாத நபர்களைப் பற்றிய செய்தித்தாள் துணுக்கு திரையில் வருகிறது.

தொழில்நுட்பம் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். நகைச்சுவை என்றால் எல்லாம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பது அக்காலத்து ஸ்டுடியோ வழக்கம். ஒளிப்பதிவாளர் ஜான்னி தி வெனான்சோ ஒரு குற்றப்படத்துக்கு உரிய நிழலையும் ஈரத்தெரு வெளிச்சத்தையும் கறுப்பு வெள்ளையில் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் இயக்குநர் ஃபெல்லினியின் ‘எட்டரை’ என்னும் படத்தைப் படம்பிடித்தவர் அவர்தான். ஒரு காட்சியின் ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தால் இது பதற வைக்கும் படம் என்றே நினைக்கத் தோன்றும். பியேரோ உமிலியானியின் இசை ஜாஸ். இத்தாலியப் படங்களில் அது பழக்கத்துக்கு வராத நேரம். கோமாளி இசைக்கருவிகளைக் கொண்டு சிரிக்கச் சொல்லி நச்சரிக்காமல், இவர்கள் உண்மையிலேயே தேர்ந்த கொள்ளையர்கள் என்று நம்புவதுபோல் அந்த இசை மிடுக்காக நடக்கிறது. படமும் இசையும் அவர்களை நம்ப, நாம் மட்டும் நம்பாமல் பார்த்துக்கொண்டிருக்கிறோம். நகைச்சுவை உண்டாகும் இடைவெளி அதுதான்.

ஆகவே கோபம் வராமல் சிரிப்பு வருவது எப்படி என்ற உங்கள் கேள்விக்கு, ‘அவர்கள் நல்லவர்கள்’ என்றோ ‘யாருக்கும் பாதிப்பில்லை’ என்றோ நான் விடை சொல்ல மாட்டேன். பெப்பே கூசாமல் பொய் சொல்கிறவன். தெபேரியோ திருடிய கேமராவுக்கு ஒரு சொந்தக்காரர் இருக்கிறார். ஆனால் அவர்களுடைய ஆசையின் அளவு நமக்கு நன்கு தெரிந்த அளவு. ஒருவருக்குக் கேமரா, ஒருவருக்கு ஒரு வேளைச் சாப்பாடு, ஒருவருக்கு நாலு பேர் மதிக்கும் ஒரு பட்டம். அந்த ஆசைக்கும் திறமைக்கும் இடையே உள்ள தூரத்தைப் படம் ஒளிக்காமல் அளந்து காட்டுகிறது. நகைச்சுவைக் கொள்ளைப் படங்கள் பல இந்த இடத்தில் சறுக்குவதற்குக் காரணம், கடைசி நேரத்தில் தம் நாயகர்களைத் திடீரென்று சாமர்த்தியசாலிகளாக்கிப் பணத்தையும் கையில் கொடுத்துவிடுவதுதான். அப்போது அதுவரை சிரித்தது எல்லாம் வெறும் நாடகமாகிப் போகும்.

1958ஆம் ஆண்டின் சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரை இதற்குக் கிடைத்தது. பரிசை வென்றது ஷாக் தாத்தியின் ‘மோன் ஓங்கிள்’. அடுத்த ஆண்டே நான்னி லோய் இயக்கத்தில் ஒரு தொடர்ச்சி வந்தது. அதைப் பார்க்கலாம், ஆனால் அவசரமில்லை. 1985இல் இன்னொரு தொடர்ச்சியும், லூயி மால் சான் பிரான்சிஸ்கோவுக்கு மாற்றி 1984இல் எடுத்த ‘கிராக்கர்ஸ்’, ரூசோ சகோதரர்கள் 2002இல் எடுத்த ‘வெல்கம் டு காலின்வுட்’ ஆகிய அமெரிக்க மறுஆக்கங்களும், 1986இல் பாப் ஃபோசி பிராட்வேயில் மேடையேற்றிய ஒரு இசை நாடகமும் உண்டு. ‘காலின்வுட்’டில் டோட்டோவின் பாத்திரத்தைச் சக்கர நாற்காலியில் அமர்ந்து செய்த ஜார்ஜ் குளூனி ரசிக்கத்தக்கவர். எனினும், மறுஆக்கங்கள் சம்பவங்களை எடுத்துக்கொண்ட அளவுக்கு அந்த நகரத்தின் பசியை எடுத்துக்கொள்ளவில்லை. பசி இல்லாமல் கடைசி விருந்துக்குப் பொருளில்லை.

பார்ப்பதென்றால் ஆங்கிலக் குரல் சேர்த்த பிரதிகளைத் தவிர்த்து, இத்தாலிய ஒலியுடன் துணைத்தலைப்புள்ள பிரதியைத் தேடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படம்தான். பிடித்துப்போனால் மோனிச்செல்லி மறு ஆண்டே காஸ்மனைக் கொண்டு எடுத்த ‘லா கிராந்தே குவேர்ரா’வுக்குப் போங்கள். முதல் உலகப் போரில் எப்படியாவது சண்டையிலிருந்து நழுவிவிடப் பார்க்கும் இரண்டு சிப்பாய்களின் கதையான அது, வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்கத்தை ரொசெல்லினியின் படம் ஒன்றுடன் பகிர்ந்துகொண்டது.